குளிக்கும்போது மட்டும் ஏன் இப்படியெல்லாம் தோணுது? ‘வேலையத்த’ எண்ணங்களின் அறிவியல்

காலை 7.20 மணி. பாத்ரூமில் பக்கெட் நிரம்பிக்கொண்டிருக்கிறது. 9 மணிக்கு மீட்டிங். அதில் காட்ட வேண்டிய ஸ்லைடுகள் இன்னும் முடியவில்லை. முதல் மக் தண்ணீரைத் தலையில் ஊற்றிய நொடியில் மனதில் வந்து நிற்கும் கேள்வி இதுதான்: ‘மழை பெய்யறப்ப கொசு எல்லாம் என்ன பண்ணும்? ஒரு துளி மேல விழுந்தாலே செத்துடாதா?’

ஸ்லைடுக்கும் கொசுவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டாவது மக்கில் கொசு பறந்துவிடுகிறது. ‘நம்ம பூனைக்கு நாம ஒரு பேரு வெச்சிருக்கோம். அது நமக்கு என்ன பேரு வெச்சிருக்கும்?’ என்று அடுத்த கேள்வி வருகிறது. சோப்பு போடும்போது ஆறாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் டிபன் பாக்ஸ் ஞாபகத்துக்கு வருகிறது. கடைசி மக் ஊற்றும்போது, யாரும் கூப்பிடாமலே இன்னொன்று வந்து நிற்கிறது: ‘அந்த மூணாவது ஸ்லைடே வேணாமே! அதைத் தூக்கிட்டா மத்ததெல்லாம் சரியா உக்காந்துடும்!’

முந்தைய நாள் இரவு 11 மணி வரை லேப்டாப் முன்னால் உட்கார்ந்தும் வராத யோசனை அது.

பல் தேய்க்கும்போது, வெங்காயம் உரிக்கும்போது, பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, துணி காயப்போடும்போது என்று எல்லோருக்கும் இப்படி எதையாவது மனம் கொண்டுவந்து போடுகிறது. வீட்டில் யாராவது பார்த்தால், “என்ன, மனக்கோட்டை கட்டிட்டு நிக்கிறியா?” என்று ஒரு கேள்வி வரும். ‘வேலையத்த நினைப்பு’ என்பதுதான் இதற்கு ஊர் வைத்திருக்கும் பெயர். ஆனால் அந்த நேரத்தில் மூளை வேலையற்று இருப்பதில்லை என்கிறது அறிவியல். கவலை என்னவென்றால், இந்த எண்ணங்கள் வந்துபோகும் சின்னச் சின்ன இடைவெளிகளை இப்போது ஒவ்வொன்றாக போன் எடுத்துக்கொள்கிறது.

மூளை ‘சும்மா’ இருக்கிறதா?

மனித உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதுகூட உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. கஷ்டமான கணக்குப் போடும்போது இந்தச் செலவு பல மடங்கு கூடும் என்று தோன்றலாம். உண்மையில் கூடுவது மிகக் கொஞ்சம்தான். அப்படியானால் எதுவும் செய்யாமல் இருக்கும்போது அவ்வளவு ஆற்றலும் எங்கே போகிறது?

இதற்கான முதல் தடயம் கிடைத்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகின்றன. ஜெர்மனியைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், மனித மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் முறையை 1929-ல் வெளியிட்டார். இன்று மருத்துவமனைகளில் எடுக்கப்படும் இ.இ.ஜி. பரிசோதனையின் தொடக்கம் அதுதான். கண்ணை மூடி அமைதியாகப் படுத்திருப்பவரின் மூளையிலும் அலைகள் ஓயாமல் எழுந்துகொண்டிருப்பதை அவர் பார்த்தார்.

பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, மூளையைப் படமெடுக்கும் கருவிகள் வந்தன. படம் எடுக்கப்படுபவர்களிடம் ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்து, அப்போது மூளையின் எந்தப் பகுதி சுறுசுறுப்பாகிறது என்று பார்ப்பதுதான் வழக்கம். இதில் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு விநோதம் தட்டுப்பட்டது. வேலை கொடுத்ததும் சில பகுதிகளின் இயக்கம் குறைந்தது. வேலை முடிந்து ‘சும்மா இருங்கள்’ என்றதும் அதே பகுதிகள் மீண்டும் மும்முரமாகின.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் ஆய்வாளர் மார்கஸ் ரைக்கிலும் அவரது குழுவினரும் 2001-ல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார்கள். வெளியிலிருந்து வேலை எதுவும் வராதபோது மூளை தானாகத் திரும்பிச் செல்லும் நிலை என்பதால் ‘டீஃபால்ட் மோட்’ என்றார்கள். நெற்றிக்குப் பின்னால் நடுப்பகுதி, மூளையின் பின்பக்க நடுப்பகுதி உள்ளிட்ட சில இடங்கள் சேர்ந்து இயங்கும் வலையமைப்பு இது. பழைய நினைவுகளைக் கிளறுவது, நாளை நடக்கப்போவதைக் கற்பனை செய்து பார்ப்பது, ‘அவங்க ஏன் அப்படிச் சொன்னாங்க’ என்று அடுத்தவர் மனதை அளப்பது ஆகிய வேலைகளிலெல்லாம் இதற்குப் பங்கு உண்டு. குளிக்கும்போது வரும் எண்ணங்களும் பெரும்பாலும் இந்த மூன்று ரகத்தில்தான் அடங்கும்.

பாத்ரூமில் அப்படி என்ன இருக்கிறது?

குளிப்பதற்கு யோசிக்கத் தேவையில்லை. எந்தக் கையால் மக்கைப் பிடிப்பது, எப்போது சோப்பை எடுப்பது என்பதெல்லாம் கைக்கே தெரியும். பல வருஷப் பழக்கம் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ள, மனம் ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறது.

இந்த ஊர்சுற்றலால் பயன் உண்டா என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சோதித்து, 2012-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். செங்கல் போன்ற ஒரு சாதாரணப் பொருளைச் சொல்லி, அதை வழக்கத்துக்கு மாறாக எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்று பங்கேற்றவர்களிடம் கேட்டார்கள். பிறகு 12 நிமிட இடைவேளை. அந்த இடைவேளையில் ஒரு குழுவுக்குக் கவனம் கோரும் கடினமான வேலை கொடுக்கப்பட்டது. இன்னொரு குழுவுக்கு மிகச் சுலபமான வேலை. மூன்றாவது குழு ஓய்வெடுத்தது. நான்காவது குழுவுக்கு இடைவேளையே இல்லை. பிறகு அதே பொருளைப் பற்றி மீண்டும் கேட்டபோது, சுலபமான வேலை செய்தவர்களின் மதிப்பெண் மட்டும் சுமார் 40 சதவீதம் கூடியிருந்தது. கடினமான வேலை செய்தவர்களைவிட அந்தக் குழுவினரின் மனம் இடைவேளையில் அதிகமாக அலைந்திருந்தது.

இந்த ஆய்வில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் உண்டு. ஏற்கெனவே யோசித்துப் பார்த்த பொருளுக்குத்தான் இந்தப் பலன் கிடைத்தது. இடைவேளைக்குப் பிறகு புதிதாக ஒரு பொருளைக் கொடுத்தபோது முன்னேற்றம் எதுவும் இல்லை. அதாவது, அலையும் மனம் வெறுங்கையில் முழம் போடுவதில்லை. உள்ளே போட்டு வைத்ததைத்தான் அது புரட்டிப் பார்க்கிறது. முந்தைய நாள் இரவு 11 மணி வரை உட்கார்ந்தது வீண் போகவில்லை.

அதே மாதிரியான சோதனையைச் செய்த வேறு சில குழுக்களுக்கு இவ்வளவு தெளிவான பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கான காரணத்தைத் தேடிய வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜாக்கரி இர்விங்கும் சக ஆய்வாளர்களும் 2022-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். அவர்கள் இடைவேளையில் ஒரு குழுவுக்கு, இரண்டு பேர் துணி மடிப்பதைக் காட்டும் வீடியோவைப் போட்டார்கள். இன்னொரு குழுவுக்கு, ஓரளவு சுவாரசியமான பழைய ஹாலிவுட் படக் காட்சி ஒன்று. இரண்டு குழுவிலும் மனம் அலைந்தது. ஆனால் படக் காட்சியைப் பார்த்தவர்களிடம்தான் அந்த அலைச்சல் கூடுதல் யோசனைகளோடு சேர்ந்து வந்தது.

வேலை ரொம்பக் கஷ்டமாக இருந்தால் மனம் அலைய இடமில்லை. ரொம்ப அலுப்பாக இருந்தால் மனம் கட்டறுந்து ஓடிவிடுகிறது. கொஞ்சம் கவனத்தைப் பிடித்துவைத்து, மிச்சத்தை அவிழ்த்துவிடும் வேலைதான் தோதானது. குளிப்பது, நடப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் இந்த வகைதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. உட்கார்ந்திருக்கும்போதைவிட நடக்கும்போது பெரும்பாலானவர்களுக்குப் புதுப்புது யோசனைகள் அதிகம் வந்தன. டிரெட்மில்லில் ஏறி வெறும் சுவரைப் பார்த்து நடந்தவர்களுக்கும்கூட.

கடல் ஏன் நீலம்?

சோதனைக்கூடத்தில் செங்கல்லை வைத்து ஆடும் விளையாட்டு இருக்கட்டும், நிஜ வாழ்க்கையில் இதனால் ஏதாவது நடந்திருக்கிறதா?

1921-ல் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் இங்கிலாந்துக்குப் போய்விட்டு, ‘எஸ்.எஸ். நர்குண்டா’ என்ற கப்பலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் அடர்ந்த நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. ‘கடல் ஏன் நீலமா இருக்கு?’ என்பது ஐந்து வயதுக் குழந்தை கேட்கும் கேள்வி. வானத்தின் நிறம்தான் கடலில் பிரதிபலிக்கிறது என்று லார்ட் ரேலே சொல்லியிருந்தார். பேராசிரியரிடம் ஒரு சிறிய பட்டகம் இருந்தது. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை அதன் உதவியால் தடுத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். பிரதிபலிப்பு போனது, நீலம் போகவில்லை. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார்.

திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன்தான் அந்தப் பேராசிரியர். அந்தப் பயணத்தில் பிடித்த நூலைத் தொடர்ந்து போனதுதான் 1928 பிப்ரவரி 28 அன்று ‘ராமன் விளைவு’ வரை கொண்டுவந்து விட்டது. 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. பிப்ரவரி 28 இன்று தேசிய அறிவியல் தினம்.

கப்பலில் அந்தக் கடலைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஆனால் ஒளியைப் பற்றி ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் யோசித்துவந்த மனமும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பட்டகமும் ராமனிடம்தான் இருந்தன. செங்கல் சோதனை சொன்னதும் இதைத்தான். எண்ணம் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். அதைப் பிடித்துக்கொள்ள, உள்ளே ஏதாவது இருக்க வேண்டும்.

இது மேதைகளுக்கு மட்டுமான கதையும் இல்லை. இயற்பியலாளர்களையும் தொழில்முறை எழுத்தாளர்களையும் தினமும் தங்களுக்கு வந்த யோசனைகளைக் குறித்து வைக்கச் சொன்ன ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. அவர்களின் முக்கியமான யோசனைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, வேறு வேலையில் இருந்தபோது, வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. மீதி நான்கும் அப்படி வந்தவை அல்ல. ஆனால் ‘முட்டி நின்ற இடத்தைத் தாண்ட உதவியது’ என்று சொல்லப்பட்டவற்றில், அலையும் மனம் கொண்டுவந்த யோசனைகளே கூடுதல்.

கொசுவுக்கும் பதில் கிடைத்தது

ஸ்லைடு பிரச்சினையைத் தீர்க்காத, நோபல் பரிசும் வாங்கித் தராத வெறும் விளையாட்டுக் கேள்விகள் வீணா? அவற்றைக் கடைசிவரை துரத்திப் போனவர்களும் உண்டு.

மழையில் கொசு என்ன ஆகும் என்ற கேள்வியை அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் டேவிட் ஹூவின் குழு எடுத்துக்கொண்டது. அதிவேக கேமரா வைத்துப் படம்பிடித்து, 2012-ல் விடையை வெளியிட்டது. மழைத்துளி ஒன்று கொசுவைப் போல 50 மடங்கு வரை எடை இருக்கலாம். ஆனால் கொசு அவ்வளவு லேசு என்பதே அதைக் காப்பாற்றுகிறது. துளி மோதும்போது கொசு எதிர்த்து நிற்பதில்லை. துளியோடு கொஞ்ச தூரம் கீழே போய், பிறகு நழுவிப் பறந்துவிடுகிறது. தரைக்கு மிக அருகில் மாட்டிக்கொண்டால்தான் ஆபத்து.

‘விரல்ல சொடக்கு எடுக்காதே, மூட்டுவலி வரும்’ என்று சொல்லாத வீடு உண்டா? அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கரின் வீட்டிலும் அம்மா இதையே சொன்னார். அவர் இடது கை விரல்களில் மட்டும் தினமும் குறைந்தது இரண்டு முறை சொடக்கு எடுத்தார், வலது கையை விட்டுவிட்டார். இப்படி 50 ஆண்டுகள். பிறகு இரண்டு கைகளையும் ஒப்பிட்டு, எந்தக் கையிலும் மூட்டழற்சி இல்லை என்று 1998-ல் மருத்துவ இதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். முதலில் சிரிக்கவைத்து, பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் ‘இக் நோபல்’ பரிசு 2009-ல் அவருக்குக் கிடைத்தது. ஒரே ஒரு மனிதரின் கைகளை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒரு வேலையத்த கேள்விக்கு இவ்வளவு பொறுமையாகப் பதில் தேடியவர்கள் குறைவு.

எல்லா எண்ணமும் இனிப்பதில்லை

மனம் அலைவதைக் கொண்டாடுவதற்கு முன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் ஐபோன் செயலி ஒன்றின் வழியாக 2,250 பேரிடம், நாளின் பல நேரங்களில் ‘இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டார்கள். 2010-ல் வெளியான அந்த ஆய்வின்படி, விழித்திருக்கும் நேரத்தில் 46.9 சதவீதம் மனம் செய்யும் வேலையில் இல்லை. அப்படி அலைந்த நேரங்களில் பொதுவாக மகிழ்ச்சி குறைவாகவே இருந்தது.

எங்கே அலைகிறது என்பதைப் பொறுத்தும் இது மாறும். ஏதோ ஒன்றைச் சுவாரசியமாக யோசித்துக்கொண்டிருந்த நேரங்களில் மனநிலை நன்றாகவே இருந்தது என்று 2013-ல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. கொசுவையும் பூனையையும் நினைப்பது வேறு. ‘மேனேஜர் ஏன் அப்படிப் பார்த்தார்’ என்பதையே செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி வருவது வேறு.

பயமுறுத்தும் எண்ணங்களும் வரும். மொட்டை மாடி கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும்போது, ‘இப்ப குதிச்சா?’ என்று ஒரு கணம் தோன்றி உடம்பு சிலிர்க்கும். கையில் கத்தி இருக்கும்போது வேண்டாத காட்சி ஒன்று மின்னும். கோயிலில் நிற்கும்போது தகாத வார்த்தை ஒன்று நாக்கு நுனிக்கு வரும். ‘எனக்கு மட்டும்தான் இப்படியா?’ என்று பலர் உள்ளுக்குள் நடுங்கி, யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு மட்டும் இல்லை. 13 நாடுகளில் 777 பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 94 சதவீதம் பேர் முந்தைய 3 மாதங்களில் இப்படி வேண்டாத எண்ணம் ஒன்றாவது வந்ததாகச் சொன்னார்கள். வருவது இயல்பு. வந்தது என்பதற்காக அதைச் செய்துவிடுவோம் என்று அர்த்தமில்லை. அதற்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். கண்டுகொள்ளாமல் விட்டால் பெரும்பாலும் போய்விடும். ‘ஐயோ, நான் எவ்வளவு மோசமான ஆள்’ என்று அதையே பிடித்துக்கொண்டால், போன எண்ணம் திரும்பத் திரும்ப வரும்.

அதே எண்ணம் தினமும் மணிக்கணக்கில் ஆட்டிப்படைத்தாலோ, தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தாலோ, உயிரை விடுவது பற்றிய நினைப்பு நிஜமாகவே வந்துகொண்டிருந்தாலோ அது ‘சும்மா’ வரும் எண்ணம் அல்ல. மனநல மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

இன்னொரு எச்சரிக்கை, வண்டி ஓட்டுகிறவர்களுக்கு. தினமும் போகும் வழி என்பதால் கை கால் தானாக ஓட்டும், மனம் எங்கேயோ இருக்கும். பிரான்சின் போர்டோ நகர மருத்துவமனையில், விபத்தில் காயமடைந்து வந்த 955 ஓட்டுநர்களிடம் விசாரித்த ஆய்வு 2012-ல் வெளியானது. விபத்துக்கு முன் மனம் ஆழமாக வேறெங்கோ போயிருந்தவர்களே விபத்துக்குக் காரணமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று அது காட்டியது. நடக்கும்போது கோட்டை கட்டலாம். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கட்டக் கூடாது.

15 நிமிடமும் ஒரு ஷாக்கும்

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டிமோதி வில்சன் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு உலகம் முழுக்கச் செய்தியானது. பங்கேற்றவர்களை ஒரு காலி அறையில் 15 நிமிடம் தனியாக உட்காரவைத்தார்கள். போன் இல்லை, புத்தகம் இல்லை. அழுத்தினால் காலில் லேசான மின்அதிர்ச்சி தரும் ஒரு பட்டன் மட்டும் இருந்தது. அந்த அதிர்ச்சியை முன்பே ஒருமுறை அனுபவித்து, ‘இது மறுபடி வேண்டாம், வேண்டுமானால் காசு கொடுத்துத் தப்பித்துக்கொள்கிறேன்’ என்று சொன்னவர்கள் அவர்கள். அப்படியும் 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர், 15 நிமிடம் முடிவதற்குள் ஒருமுறையாவது பட்டனை அழுத்திவிட்டார்கள். கணக்கில் சேர்க்கப்படாத ஒருவர் அழுத்தியது 190 முறை.

சும்மா இருப்பது மனிதர்களுக்கு அவ்வளவு கொடுமையா? 2022-ல் வெளியான இன்னொரு ஆய்வு வேறு கோணம் காட்டுகிறது. ஜப்பானிலும் பிரிட்டனிலும் 259 பேரை வைத்து நடந்த சோதனைகள் அவை. ‘எதுவும் செய்யாமல் 20 நிமிடம் உட்கார வேண்டும், எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று முதலிலேயே கேட்டார்கள். ‘போரடிக்கும்’ என்ற தோரணையில்தான் பதில்கள் வந்தன. உட்கார்ந்து எழுந்தபிறகு கேட்டால், எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது என்றார்கள். இணையத்தில் செய்தி பார்க்க அனுமதிக்கப்பட்டவர்களோடு ஒப்பிட்டபோதும், இரு தரப்புக்கும் கிடைத்த மகிழ்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆக, அந்தச் சும்மா நேரம் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே தப்பாகக் கணித்துவிட்டு, அதற்குப் பயந்துதான் பலரும் போனை எடுக்கிறார்கள். லிஃப்டில் 4 மாடி ஏறும் நேரம், பால் பொங்கும்வரை நிற்கும் நேரம், சிக்னலில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம், டீ மாஸ்டர் ஆற்றிக் கொடுக்கும்வரை காத்திருக்கும் நேரம் எல்லாவற்றிலும் கட்டைவிரல் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. பஸ் ஜன்னலோர சீட் கிடைத்தாலும் பார்வை மடியில்தான்.

ரீல்ஸும் மனதைப் பல திசைக்கு இழுக்கிறது, அதுவும் ஒருவகை அலைச்சல்தானே என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. அங்கே அடுத்து என்ன வரும் என்று முடிவு செய்வது வேறு யாரோ எழுதிய நிரல். முடிக்காத ஸ்லைடும், அம்மாவிடம் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையும், ஆறாம் வகுப்பு டிபன் பாக்ஸும் அதன் பட்டியலில் இல்லை. அவற்றை எடுத்துவந்து காட்ட, அவரவர் மனதை விட்டால் ஆள் கிடையாது. இன்று பலருக்கு போன் நுழையாத இடம் என்று மிஞ்சியிருப்பது பாத்ரூம்தான். அங்கேயும் ஈரக்கை என்பதால்தான் தப்பித்திருக்கிறது.

என்ன செய்யலாம்?

* முதலில் முட்டிப் பார்த்துவிட வேண்டும். பிரச்சினையில் கொஞ்ச நேரம் உருப்படியாக உட்கார்ந்துவிட்டு எழுந்தால்தான், நடக்கும்போதோ குளிக்கும்போதோ மனதுக்குப் புரட்ட ஏதாவது இருக்கும். தொடங்கவே தொடங்காத வேலைக்கு பாத்ரூம் விடை சொல்லாது.

* நாளுக்கு ஓர் இடைவெளியை மட்டும் காப்பாற்றினால் போதும். டீக்கடைக்குப் போய்வரும் 10 நிமிடமோ, துணி மடிக்கும் கால் மணி நேரமோ, போன் இல்லாமல். பாட்காஸ்ட்டும் வேண்டாம்.

* வந்த எண்ணத்தை உடனே குறித்து வைக்க வேண்டும். துடைத்துக்கொண்டு வருவதற்குள் பாதி போய்விடும். பாக்கெட் டைரியோ, வாய்ஸ் நோட்டோ, இரண்டு வார்த்தை போதும். குறித்த கையோடு நோட்டிஃபிகேஷன்களைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டமான பகுதி.

* முடிக்காத வேலை ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தால், அதை எப்போது, எங்கே, எப்படி முடிப்பது என்று ஒரு வரித் திட்டம் எழுதினால் உறுத்தல் குறையும். திட்டம் போட்டதுமே அந்த எண்ணம் வந்து தொல்லை தருவது அடங்குகிறது என்பதை 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. வேலையை முடித்திருக்கக்கூட வேண்டாம்.

* ஒரே பாட்டு வரி காலையிலிருந்து மண்டைக்குள் ஓடுகிறதா? சூயிங் கம் மெல்லலாம். கிண்டல் இல்லை. அது அந்தப் பாட்டு வருவதைக் குறைக்கிறது என்று பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் கண்டறிந்தார்கள். மனதுக்குள் பாடவும் வாயின் தசைகளுக்குப் பங்கு இருக்கிறது, மெல்லும்போது அது தடைபடுகிறது என்பது அவர்களின் விளக்கம்.

கொசுவைப் பற்றிய கேள்வி யாருக்கும் சம்பளம் வாங்கித் தராது. பூனை வைத்திருக்கும் பெயர் கடைசிவரை தெரியப்போவதில்லை. ஆனால் மூணாவது ஸ்லைடைத் தூக்கச் சொன்ன எண்ணம் வந்ததும் அதே வாசல் வழியாகத்தான். எது உதவும், எது சிரிக்கவைத்துவிட்டுப் போகும் என்று முன்கூட்டியே பிரித்து, தேவையானதை மட்டும் உள்ளே விட வழியில்லை. கதவைத் திறந்து வைத்தால் எல்லாம் வரும், மூடினால் எதுவும் வராது.

நாளை காலையும் பக்கெட் நிரம்பும். போன் வெளியே சார்ஜில் கிடக்கும். முதல் மக் தண்ணீர் தலையில் விழும்போது ஏதோ ஒன்று வந்து கேட்கும்: ‘ஆமா, இந்தச் சோப்பு தேயத் தேய எங்கதான் போகுது?’